கண்ணாடி கற்க ஒரே ஒரு நாள்: உலையா, டார்ச்சா, சூளையா?

ஒருநாள் கண்ணாடிப் பட்டறை என்று தேடினால் இங்கிலாந்தில் உள்ளவை மட்டுமே பக்கம் பக்கமாக வருகின்றன. விளம்பரம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே படம்: ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் ஓர் உருண்டை, பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒருவர். உள்ளே போய்ப் படித்தால்தான் தெரியும், இவை நான்கு வெவ்வேறு தொழில்கள். உலையிலிருந்து உருகிய கண்ணாடியை எடுத்து ஊதுவது ஒன்று, மேசையில் உட்கார்ந்து டார்ச் நெருப்பில் கண்ணாடிக் கம்பியை உருக்கி, நூலில் கோக்கும் மணி செய்வது இன்னொன்று, கண்ணாடித் தகடுகளை வெட்டி அடுக்கிச் சூளைக்குள் வைப்பது மூன்றாவது, வண்ணத் துண்டுகளை ஈயத்தாலும் செம்புப் பட்டையாலும் இணைக்கும் ஸ்டெயின்ட் கிளாஸ் நான்காவது. பணம் கட்டும் முன் எது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஒன்றில் கற்றது மற்றொன்றில் பெரும்பாலும் அப்படியே உதவாது.

நான்கிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டறையின் பெயர், இடத்தின் அழகு, வீட்டுக்கு எடுத்துப் போகும் பொருள், இதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். அந்த நாளில் உருகிய கண்ணாடி உங்கள் கையில், உங்கள் கட்டுப்பாட்டில் எத்தனை நிமிடம் இருக்கும் என்பதை வைத்துத்தான் நான் எடை போடுவேன். கண்ணாடி கையால் கற்கும் தொழில். பக்கத்தில் நின்று பார்த்தால் ரசிக்கலாம், கற்க முடியாது.

முதலில் உலை. பெரும்பாலோர் மனதில் இருப்பதும் இதுதான்.

உலைக்குள் கண்ணாடி 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் எப்போதும் உருகிய நிலையில் காத்திருக்கும். நீண்ட எஃகுக் குழாயின் நுனியை உள்ளே விட்டுச் சுழற்றினால், பாகு கரண்டியில் சுற்றிக்கொள்வது போலக் கண்ணாடி சுற்றிக்கொண்டு வரும். வெளியே எடுத்த நொடியிலிருந்து குழாயைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் உருண்டை ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். முதல் ஒரு மணி நேரம் உங்கள் மூளை முழுக்க இந்தச் சுழற்சியிலேயே போய்விடும், அதுதான் சரியும்கூட. அப்புறம் மார்வர் என்கிற எஃகு மேசையில் உருட்டி மேல்தோலைச் சற்றே குளிர வைத்து, குழாயில் ஒரு சிறு மூச்சு ஊதி, உடனே கட்டைவிரலால் குழாய்வாயை மூட வேண்டும். உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரிந்து, கண்ணாடிக்குள் தானாகக் குமிழாகிறது. அதை முதன்முதலில் பார்க்கிறவர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றும் ஆசை. பலம் வேண்டும், நல்ல நுரையீரல் வேண்டும் என்று நினைத்து வராமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன், பலூன் ஊதுகிற பலம்கூடத் தேவைப்படாது. தேவைப்படுவது இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று இணங்கிச் சுழற்றுவது மட்டும்.

இதன் குறையும் அங்கேயே இருக்கிறது. உலைப் பட்டறையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும், ஏனென்றால் மீண்டும் சூடேற்றும் அடுப்பும் வேலை செய்யும் இருக்கையும் பெரும்பாலும் ஒன்றுதான், ஆசிரியரின் கவனமும் அப்படியே. ஆறு பேர் சேர்ந்த வகுப்பில் நாள் முழுக்க நின்றாலும் உங்கள் முறை ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது கடினம், அதிலும் குழாயிலிருந்து கண்ணாடியைப் பன்ட்டி என்கிற திடக்கம்பிக்கு மாற்றுவது போன்ற கடினமான இடங்களை ஆசிரியரே செய்துவிடுவார். அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது, அந்த இடத்தில்தான் பொருள் கீழே விழும். காலையில் திடமான ஒரு பேப்பர் வெயிட், மதியம் ஊதிய ஓர் உருண்டையோ குவளையோ, அநேகமாக நாள் முடிந்துவிடும். ஆகவே உலையைத் தேர்ந்தெடுத்தால் வகுப்பில் எத்தனை பேர், எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள். இரண்டு பேர், அதிகம் போனால் நான்கு பேர். அதற்கு மேல் இருந்தால் நான் பணம் கட்ட மாட்டேன், எவ்வளவு பேர்பெற்ற ஸ்டூடியோவாக இருந்தாலும்.

விலையும் இதில்தான் அதிகம், அதற்கு நியாயமான காரணம் உண்டு. உலையை மாலையில் அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்க முடியாது. குளிர்ந்தால் உள்ளே இருக்கும் மண்கலம் விரிசல் விடும், மீண்டும் சூடேற்ற நாள்கணக்கில் ஆகும், அதனால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவும் பகலும் எரிகிறது. 2022இல் எரிவாயு விலை ஏறியபோது பிரிட்டனில் சிறு ஸ்டூடியோக்கள் பல உலையை அணைத்துவைக்க வேண்டி வந்தது இதனால்தான். நீங்கள் கட்டும் தொகையில் பெரும்பங்கு அந்த நெருப்புக்குப் போகிறது.

இன்னொன்றையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. கண்ணாடி செய்யக் கற்றுக்கொள்ளுங்கள் என்று விளம்பரம் இருந்தாலும், மணலும் சோடாவும் சுண்ணாம்பும் கலந்து உருக்கும் வேலையை ஒருநாள் பட்டறையில் நீங்கள் பார்க்க மாட்டீர்கள். தூய மணல் உருக 1,700 டிகிரி வேண்டும், சோடா சேர்த்தால் அது வெகுவாகக் குறையும், சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரையும் தன்மையோடு இருக்கும். இந்த உருக்கல் இரவில், ஆளில்லாத நேரத்தில் நடக்கும், அதுவும் பல ஸ்டூடியோக்கள் ஆயத்தமாக வரும் கட்டிகளை வாங்கித்தான் போடுகின்றன. கண்ணாடி எப்படி உண்டாகிறது என்பதுதான் உங்கள் ஆர்வம் என்றால், வகுப்புக்கு முன் ஆசிரியரிடம் கேட்டுவைத்தால் பலர் ஆசையாகச் சொல்லித்தருவார்கள். கேட்காவிட்டால் அந்தப் பேச்சே வராது.

இப்படி ஒரு நாளில் வந்து ஊதிவிட்டுப் போக முடிகிறதே, இதுவே புதிய விஷயம். கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் ஊதும் முறை பிறந்ததிலிருந்து மிகப் பெரும்பாலும் இது உலைக்கூடத்து ஆட்களுக்குள்ளேயே, குடும்பத்துக்குள்ளேயே இருந்த தொழில். 1291இல் வெனிஸ் நகரம் தன் உலைகளை எல்லாம் முரானோ தீவுக்கு மாற்றியது, அப்புறம் அங்கிருந்து வெளியேறி வேறு ஊரில் தொழில் செய்பவரைத் தண்டிக்கச் சட்டமும் போட்டது. தனியாள் ஒருவர் சிறிய உலை வைத்துக் கண்ணாடி ஊதலாம் என்ற எண்ணமே 1962 மார்ச்சில், அமெரிக்காவில் ஓஹையோவின் டொலீடோ கலை அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய ஒரு பட்டறையிலிருந்துதான் பரவியது. அவர் மட்பாண்டம் கற்பித்தவர். முதலில் அவர்கள் கலந்த கலவை சரியாக உருகவில்லை, கண்ணாடி இழைத் தொழிலில் பயன்படும் கோலிகளை, அந்தத் தொழிலில் இருந்த டொமினிக் லபினோ கொடுத்த பிறகுதான் ஊத முடிந்தது. ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் வந்து குழாயை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். இன்றைய ஸ்டூடியோக்கள் எல்லாம் அந்தப் பட்டறையின் பிள்ளைகள்.

சரி, டார்ச்.

லாம்ப்வொர்க் என்று இங்கே சொல்வார்கள். மேசையில் பொருத்திய டார்ச், வாயுவும் ஆக்சிஜனும் கலந்த நெருப்பு, இடது கையில் களிமண் பூச்சு பூசிய மெல்லிய எஃகுக் கம்பி, வலது கையில் பென்சில் பருமனுள்ள கண்ணாடிக் கம்பி. கண்ணாடி உருகித் துளியானதும் எஃகுக் கம்பியின் மேல் சுற்ற வேண்டும், சுற்றிக்கொண்டே உருண்டையாக்க வேண்டும். ஆறியபின் கம்பியை உருவினால் துளையோடு ஒரு மணி. நெருப்பில் சோடியம் உண்டாக்கும் மஞ்சள் ஒளியை மறைக்க டிடிமியம் கண்ணாடி அணிவார்கள். அதைப் போட்டதும் மஞ்சள் பிழம்பு மறைந்து உள்ளே கண்ணாடி என்ன செய்கிறது என்று தெளிவாகத் தெரியும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள், அதற்கு மேல் அணியும் வகை இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், எல்லா இடத்திலும் இருக்காது.

இதை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்றால், ஆளுக்கு ஒரு டார்ச். ஆறு பேர் இருந்தாலும் உங்கள் நெருப்பு உங்களுடையது. காலை பத்து மணிக்குச் செய்த மணி கோணலாக, களிமண் ஒட்டிக்கொண்டு இருக்கும். நான்கு மணிக்குச் செய்த மணியின் இரு முனைகளும் உள்வாங்கி, கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே நாளில் கை கற்றது கண்ணுக்குத் தெரியும். உலையில் அது தெரியாது, ஏனென்றால் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்யும் வாய்ப்பு ஒரு நாளில் கிடைக்காது. கற்பதற்கு என்று கேட்டால், ஒரு நாளுக்கு டார்ச்தான் அதிகம் கொடுக்கிறது. இதை உலையை விரும்புகிற நானே சொல்கிறேன்.

நிறங்களைப் பற்றியும் இங்கேதான் அதிகம் கற்பீர்கள். உலையில் எல்லாமே ஆரஞ்சாக இருக்கும், நீலம் போட்டேனா பச்சை போட்டேனா என்று ஆறும் வரை தெரியாது. டார்ச்சில் நீங்கள் கண்ணருகே வைத்துப் பார்க்கிறீர்கள். ஆக்சிஜன் குறைந்த நெருப்பில் செம்பு கலந்த நீலப்பச்சைக் கம்பியைக் காட்டினால் மேலே செங்கல் நிறப் படலம் படியும். நெருப்பைச் சரிசெய்து மீண்டும் காட்டும்போது வித்தியாசம் புரியும். வேதியியல் வகுப்பில் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று மனப்பாடம் செய்தது இங்கே கண்முன்னால் நடக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் தனி ஈர்ப்பு இருக்கும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டதற்குத் தடயங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அந்தச் சின்னஞ்சிறு மணிகளின் வகையைக் கிழக்கே தென்கிழக்காசியா வரை காண்கிறார்கள். ஆனால் அரிக்கமேட்டு முறை வேறு: உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடாக்கி முனை மழுக்குவது. ஆந்திரத்தில் பாப்பநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம் வரை உயிரோடு இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருநாள் பட்டறையில் நீங்கள் செய்வது கம்பியில் சுற்றிய மணி. இழுத்த மணி செய்யக் கூட்டமாக ஆட்கள் வேண்டும், பெரிய உலை வேண்டும். இருந்தாலும் டார்ச்சில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தவர் அருங்காட்சியகத்தில் அந்த மணிகளைப் பார்க்கும் விதமே மாறிவிடும், ஒவ்வொரு மணியிலும் எந்தப் பக்கம் முனை மழுங்கியிருக்கிறது என்று தேடத் தோன்றும்.

டார்ச்சிலேயே இன்னொரு கிளை உண்டு, போரோசிலிக்கேட். ஆய்வகக் குடுவைகள் செய்யும் அதே கண்ணாடி. வெப்பத்தில் மிகக் குறைவாக விரியும், அதனால் சட்டென்று சூடாக்கினாலும் எளிதில் வெடிக்காது, ஆனால் உருக்க அதிக வெப்பம் வேண்டும். குழல் வடிவில் வரும் இந்தக் கண்ணாடியைச் சூடாக்கி, முனையில் வாய் வைத்து ஊதினால் அதுவும் கண்ணாடி ஊதுதல்தான், உலை இல்லாமலே. ஆய்வகக் கருவிகள் செய்கிறவர்கள் இதைத்தான் ஆண்டுக்கணக்கில் பழகுகிறார்கள். ஒருநாள் வகுப்பில் சிறு குமிழ் ஊதலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மணிக்கான மென் கண்ணாடியையும் இதையும் ஒன்றாக ஒட்ட முடியாது. விரியும் அளவு வேறு என்பதால் ஆறும்போது விரிசல் விட்டுவிடும். வீட்டில் தொடரும் எண்ணம் இருந்தால் எந்தக் கண்ணாடியில் கற்றோம் என்று குறித்துக்கொண்டு வாருங்கள், பிறகு வாங்கும் கம்பி, கண்ணைக் காக்கும் கண்ணாடி எல்லாமே அதைப் பொறுத்தது.

சூளையில் செய்யும் ஃபியூஸிங்கைப் பற்றி நான் சுருக்கமாகத்தான் சொல்வேன். 3 மில்லிமீட்டர் தகடுகளை வெட்டி, இரண்டு அடுக்காக வைத்து, மேலே குருணையும் துண்டுகளும் பரப்பி வடிவம் அமைக்கிறீர்கள். ஏறக்குறைய 800 டிகிரியில் எல்லாம் ஒன்றாகிவிடும். இரண்டு அடுக்கு ஏன் என்றால், முழுதாக உருகிய கண்ணாடி பரப்பு இழுவிசையால் சுமார் 6 மில்லிமீட்டர் கனத்துக்கு வரப் பார்க்கும். ஒரே அடுக்காக இருந்தால் ஓரங்கள் உள்ளே சுருங்கிவிடும். வடிவமைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஓவியம் வரைகிறவர்களுக்கு, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, சூட்டுக்கும் நெருப்புக்கும் பயப்படுகிறவர்களுக்கு இது அருமையான நாள். செய்த பொருளும் மற்ற எதையும்விட நேர்த்தியாக இருக்கும். எனக்கு மனம் ஒட்டாததற்குக் காரணம், கண்ணாடி உருகும்போது நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். சூளையை மூடிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அது குளிர்ந்து திறக்க மறுநாள் ஆகும், கிண்ணமாக வளைக்க வேண்டும் என்றால் இன்னொரு முறை சூளையில் வைக்க வேண்டும். கண்ணாடி வெட்டும் பழக்கம் மட்டும் இதில் உண்மையான வரவு. சக்கரத்தால் ஒரே சீராகக் கீறி, இரு பக்கமும் பிடித்து ஒடிக்கும் அந்தக் கைப்பழக்கம் பிறகு ஸ்டெயின்ட் கிளாஸுக்கும் அப்படியே உதவும்.

ஸ்டெயின்ட் கிளாஸில் கண்ணாடி உருகவே உருகாது. அழகான தொழில், ஆனால் கண்ணாடி உருகுவதைக் கற்க வந்தவர்களுக்கான நாள் இது இல்லை. ஈயம் கலந்த பற்றாசு வைத்துச் செய்தால் சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் இருபது முப்பது நிமிட அனுபவ வகுப்புகள். சுற்றுலாத் தலங்களில் இவைதான் அதிகம். ஒரு உருண்டையோ பூவோ தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், குழாயை ஆசிரியர் பிடித்திருப்பார், நீங்கள் ஊதுவீர்கள் அல்லது இடுக்கியால் இழுப்பீர்கள், முடிந்தது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம், விலையும் குறைவு. கற்றல் என்று எதுவும் நடக்காது. ஆனால் ஒருநாள் வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று தயங்குகிறவர், உலையின் முன் நிற்கும் வெக்கையைத் தன்னால் தாங்க முடிகிறதா என்று பார்க்க இது நல்ல வழி. அதைவிடச் சிக்கனமான வழியும் இருக்கிறது. பர்மிங்ஹாமுக்கு மேற்கே ஸ்டவர்பிரிட்ஜ் பக்கம் போய் வாருங்கள். 1600களின் தொடக்கத்திலிருந்து கண்ணாடிக்குப் பேர்போன இடம், நிலக்கரியும் உலைக்கு ஏற்ற களிமண்ணும் அங்கேயே கிடைத்ததால் வளர்ந்தது. வேர்ட்ஸ்லியில் 1790 வாக்கில் கட்டிய ரெட் ஹவுஸ் கோன் இன்னும் நிற்கிறது, 30 மீட்டர் உயரச் செங்கல் கூம்பு, அதன் நடுவில்தான் உலை இருந்தது. அருகிலேயே 2022இல் திறந்த ஸ்டவர்பிரிட்ஜ் கண்ணாடி அருங்காட்சியகம். கண்ணாடி ஊதுவதைச் செய்துகாட்டும் நாளாகப் பார்த்துப் போய், வேலை செய்கிறவரின் கைகளை மட்டும் கவனியுங்கள். எவ்வளவு நேரம் சுழற்சி நிற்காமல் இருக்கிறது என்று பாருங்கள். நம்மாலும் முடியும் என்ற ஆசை வருகிறதா, பார்த்ததே போதும் என்று தோன்றுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரே நாள்தான் இருக்கிறது, பிறகு தொடரப் போவதில்லை, வாழ்நாளில் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்றால் நான் உலையைத்தான் சொல்வேன், சிறிய வகுப்பாக. பணம் அதிகம் என்றாலும் அந்தச் சூடும், குழாய் நுனியில் ஆடும் எடையும் வேறு எங்கும் கிடைக்காது. தொடர்ந்து செய்யும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் டார்ச், தயக்கமே வேண்டாம். காற்றோட்டமும் தீப்பாதுகாப்பும் சரியாக அமைத்தால் கண்ணாடியை உருக்கும் வேலைகளில் தனியாள் ஒருவர் தன் கொட்டகையில் தொடரக்கூடியது இது மட்டுமே என்பேன், ஃபியூஸிங்கைத் தவிர. உலையில் ஏற்கெனவே ஒரு நாள் போய்வந்தவர்கள் மீண்டும் ஒருநாள் வகுப்பு எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். பல ஸ்டூடியோக்களில் வாரம் ஒரு மாலை என்று தொடர் வகுப்பு நடத்துகிறார்கள், அந்தப் பணத்தை அங்கே போடுங்கள். இரண்டாவது ஒருநாள் வகுப்பிலும் அதே பேப்பர் வெயிட்டிலிருந்துதான் தொடங்குவார்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதில் முக்கியமானது, ஆற்றும் அடுப்பு. கண்ணாடியைச் செய்து முடித்ததும் 500 டிகிரி அளவில் வைத்து, உள்ளே இறுகியிருக்கும் அழுத்தம் நீங்கும் வரை காத்திருந்து, மெதுவாகக் குளிரவிட வேண்டும். இதற்குப் பெரும்பாலும் ஒரு முழு இரவு ஆகும். மணி வகுப்புகள் சிலவற்றில் மணியை வெர்மிகுலைட் என்கிற கனிமத் துகளிலோ வெப்பம் தாங்கும் பீங்கான் இழைக் கம்பளியிலோ புதைத்து ஆறவிட்டு அன்று மாலையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். அது ஆறுவதை மெதுவாக்கும், உள் அழுத்தத்தை முழுதாக நீக்காது. அப்படிக் கிடைத்த மணி ஒரு வருடம் கழித்துத் தானாக இரண்டாகலாம். சூளையில் வைத்து ஆற்றுவோம், மறுநாள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் இடத்தை நம்பலாம். உடுப்பைப் பொறுத்தவரை பருத்தி, முழுக்கை, மூடிய காலணி, நீண்ட முடி இருந்தால் கட்டிவிட வேண்டும். பாலியஸ்டர் துணியில் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கர்ப்பமாக இருக்கிறவர்கள், ஆஸ்துமா, இதய நோய் இருக்கிறவர்கள் மருத்துவரிடமும் ஸ்டூடியோவிடமும் முன்பே பேசிவிடுங்கள். வயது வரம்பும் இடத்துக்கு இடம் மாறும், உலைக்குத்தான் கண்டிப்பு அதிகம்.

ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர்கள் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் உலை வகுப்பை வைத்துக்கொள்ளாதீர்கள். பொருள் அடுப்பிலேயே இருக்கும். தபாலில் அனுப்பித் தருவார்களா, வெளிநாட்டுக்கும் உண்டா, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மணி என்றால் எடுத்துப்போவதில் கவலையில்லை, கைப்பையின் ஒரு மூலையில் அடங்கிவிடும்.